கோடீஸ்வரர்களுக்கு ஓர் இடஒதுக்கீடு

ஒவ்வொரு மே மாதமும் எனக்கும் என் நண்பர்களுக்கும் ஒரே சண்டைதான். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் அந்த மாதத்தில்தான் டிராஃப்ட் லாட்டரி நடக்கும். அதைப் பார்த்துவிட்டு, அம்பேத்கரையும் பெரியாரையும் படித்த தோழர்களே இப்படிப் பேசுகிறார்கள்: "கடைசியில் கிடக்கும் அணிக்கு முதல் வாய்ப்பு, ஜெயித்த அணிக்குக் கடைசி வாய்ப்பு. முதலாளித்துவத்தின் தாயகத்திலேயே இடஒதுக்கீடு இருக்கிறது. இங்கே தகுதி, திறமை என்று கூவுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்."

தகுதி பேசுகிறவர்களின் வாயை அடைக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இந்த உதாரணத்தை நான் ஏற்க மாட்டேன். இடஒதுக்கீட்டில் ஒதுக்கப்படுவது ஓர் இடம். அதைப் பெறுகிறவர்கள், அந்த இடத்தின் வாசலைக்கூட மிதிக்க விடப்படாத மக்கள். டிராஃப்ட் லாட்டரியில் பெறுகிறவர் கோடீஸ்வர முதலாளி. ஒதுக்கப்படுவது ஒரு மனிதர், பெரும்பாலும் ஒரு கறுப்பின இளைஞர். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது இடஒதுக்கீட்டுக்குத்தான் அவமானம்.

கூடைப்பந்து பார்க்காத தோழர்களுக்காக இந்த ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லீகுக்குள் புதிதாக வரும் இளைஞர்களை அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். எந்த அணிக்கு முதல் வரிசை என்று முடிவுசெய்வது லாட்டரி. ஓர் அணி உங்கள் பெயரைச் சொல்லிவிட்டால், அந்த லீகில் வேறு எந்த அணியோடும் நீங்கள் பேச முடியாது. பிடிக்கவில்லையா? ஓராண்டு சும்மா உட்காருங்கள், அல்லது நாட்டை விட்டுப் போய் ஆடுங்கள்.

நமக்குத் தெரிந்த ஐ.பி.எல். ஏலத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மனிதரை மேடையில் வைத்து விலை கூவும் அந்தக் காட்சியே எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் அங்கே இரண்டு முதலாளிகள் ஒரு வீரருக்காக மோதிக்கொள்கிறார்கள். அந்த மோதலில் வீரருக்கு நாலு காசு கூடுகிறது. டிராஃப்டில் அந்த மோதலுக்கும் இடமில்லை. முதலாளிகள் தங்களுக்குள் வரிசை போட்டுக்கொண்டுவிட்டார்கள்.

இன்னொன்று. ஐ.டி. துறையில் இருக்கும் தோழர்கள் இதைக் கவனியுங்கள். ஒருவர் ஊழியரை இன்னொருவர் இழுக்கக் கூடாது என்று ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி நிறுவனங்கள் ரகசியமாக உடன்பாடு வைத்திருந்தன. 2010-இல் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. பிறகு ஊழியர்கள் தொடுத்த வழக்கில் அந்த நிறுவனங்கள் 41.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டன. கணினித் துறையில் முதலாளிகள் கூட்டுச் சேர்ந்தால் அது சதி. கூடைப்பந்தில் அதே கூட்டு நேரலையில் ஒளிபரப்பாகிறது, நாம் கைதட்டுகிறோம்.

1985 மே 12: ஓர் இடைவேளை

இந்த லாட்டரியின் பிறப்பையே எடுத்துக்கொள்வோம். எல்லாம் அங்கே பச்சையாகத் தெரிகிறது.

1985 வரை லாட்டரி கிடையாது. 1966 முதல் 1984 வரை இரண்டு பிரிவுகளிலும் கடைசி இடத்தில் இருந்த அணிகள் நாணயம் சுண்டி, ஜெயித்தவர் முதல் வீரரை எடுத்தார்கள். ஹூஸ்டன் அணி 1983-இல் ரால்ஃப் சாம்ப்சனையும் 1984-இல் ஹக்கீம் ஒலாஜுவானையும் அடுத்தடுத்து முதல் தேர்வில் எடுத்தது. நல்ல வீரருக்காக வேண்டுமென்றே தோற்றார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. முதலாளிகளுக்கு இடையே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் லாட்டரி வந்தது. இதை நினைவில் வையுங்கள்: லாட்டரி எந்தத் தொழிலாளியின் குறையையும் தீர்க்கப் பிறந்ததல்ல.

அந்த ஆண்டு பரிசு, பேட்ரிக் யூயிங். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 12 வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். அம்மா பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் சமையலறையில் உழைத்தவர். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக அணியை நான்கு ஆண்டுகளில் மூன்று முறை தேசிய இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். 1984-இல் பட்டம் வென்றார். அந்த நான்கு ஆண்டுகளும் அரங்குகளில் அவருக்குக் கிடைத்த வரவேற்பையும் சொல்ல வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று பதாகை பிடித்தார்கள். மனிதக் குரங்கு என்றார்கள். ஆடுகளத்தில் வாழைப்பழத் தோல் எறிந்தார்கள். அந்த நான்கு ஆண்டுகளின் வருமானம் பல்கலைக்கழகத்துக்கும் தொலைக்காட்சிக்கும் போனது. கல்லூரி வீரருக்குச் சம்பளம் கிடையாது என்பது அன்றைய விதி. அந்தப் பல்கலைக்கழகமோ, 1838-இல் ஜேசு சபையினர் 272 அடிமைகளை விற்ற பணத்தில் கடனிலிருந்து மீண்டது. அதற்கு அவர்கள் மன்னிப்புக் கேட்டது 2017-இல்.

லாட்டரி நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்தது. சி.பி.எஸ். தொலைக்காட்சி அதை ஒளிபரப்பத் தேர்ந்தெடுத்த நேரம், பாஸ்டனும் பிலடெல்பியாவும் மோதிய கிழக்குப் பிரிவு இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தின் இடைவேளை. அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். லாரி பேர்ட், ராபர்ட் பாரிஷ், ஜூலியஸ் எர்விங், மோசஸ் மலோன், அது முதல் ஆண்டான சார்லஸ் பார்க்லி எல்லாம் பாதி ஆட்டத்தை முடித்துவிட்டு உடைமாற்றும் அறைக்குள் போகிறார்கள். தொழிலாளர்கள் மூச்சு வாங்கப் போன அந்தச் சில நிமிடங்களில், அடுத்த தொழிலாளி யாருக்கு என்று முதலாளிகளின் பிரதிநிதிகள் குலுக்கிப் பார்க்கிறார்கள். நடுவில் விளம்பரம்.

மேடையில் ஒரு கண்ணாடி உருளை. அதற்குள் ஏழு உறைகள். பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறாத ஏழு அணிகளுக்கு ஆளுக்கொன்று. லீகின் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் கையை விட்டு உறைகளை எடுத்தார். ஏழாவது இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். லீகிலேயே ஆகக் குறைந்த வெற்றி பெற்ற இரண்டு அணிகளில் ஒன்றான கோல்டன் ஸ்டேட் ஏழாவது இடத்துக்குப் போனது. கடைசியில் மிஞ்சிய உறை நியூயார்க் நிக்ஸ். கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற பெருநிறுவனத்தின் கையில் இருந்த, நாட்டின் மிகப் பெரிய தொலைக்காட்சிச் சந்தையின் அணி. அதன் பிரதிநிதி டேவ் டிபுஷர் மேசையைக் குத்தி ஆர்ப்பரித்தார்.

அந்த உறைகளுக்குள் இருந்தவை அணிகளின் அடையாளங்கள். பேட்ரிக் யூயிங்கின் பெயர் எந்த உறையிலும் இல்லை. எங்கே ஆட விரும்புகிறாய் என்று கேட்கும் ஒரு துண்டுச் சீட்டுகூட அந்த உருளைக்குள் இல்லை.

உறையின் முனை மடிந்திருந்ததாம்

அன்றிலிருந்து இன்றுவரை கூடைப்பந்து ரசிகர்கள் ஒரு புலனாய்வு நடத்திக்கொண்டிருக்கிறார்கள். நியூயார்க்கின் உறையை முன்பே குளிரூட்டி வைத்திருந்தார்களாம், ஸ்டெர்ன் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்தாராம். இல்லை, அந்த உறையின் முனை மடிந்திருந்ததாம். பழைய ஒளிப்பதிவை மெதுவாக ஓட்டி, நிறுத்தி, பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். ஸ்டெர்ன் கடைசிவரை மறுத்தார். சரியாக 40 ஆண்டுகள் கழித்து, 2025 மே 12 அன்று, வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்பே இருந்த டல்லஸ் அணி முதலிடத்தை வென்று கூப்பர் ஃபிளாகை எடுக்கும் உரிமையைப் பெற்றது. அவ்வளவுதான், பழைய உறைக் கதை மறுபடி எழுந்து நடமாடியது.

லீக் தன் பங்குக்குக் குலுக்கலை மேலும் மேலும் துல்லியமாக்கிக்கொண்டே வந்தது. 1990-இல் மோசமான அணிக்குக் கூடுதல் வாய்ப்பு என்ற முறை வந்தது. பிறகு 14 பந்துகள், 1,001 சேர்க்கைகள். மிக மோசமான அணிக்கு 25 விழுக்காடு. அது போதாது, இன்னும் தோற்கிறார்கள் என்று 2019-இல் மோசமான மூன்று அணிகளுக்கும் தலா 14 விழுக்காடு. தணிக்கை நிறுவனப் பிரதிநிதி, பூட்டிய அறை, சாட்சிகள் எல்லாம் உண்டு. இவ்வளவு நேர்மையும் முதலாளிக்கும் முதலாளிக்கும் இடையில் நடக்கும் நேர்மை. திருடிய பொருளைப் பங்கு போடும்போது தராசு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

எனக்கு அந்த உறை மடிந்திருந்ததா என்பதில் அக்கறை இல்லை. மடியாத, குளிராத, முழுக்க நேர்மையான உறையாகவே இருக்கட்டும். அப்போதும் என் கேள்வி அப்படியே நிற்கிறது: அவரை உறையில் போட்டுக் குலுக்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

குலுக்கல் சரியாக நடந்தால் போதும் என்ற இந்த மனநிலை நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் குடவோலையை நாம் எல்லோரும் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு. குடத்தில் ஓலை போட்டு, எல்லோர் முன்னாலும் குலுக்கி, விவரமறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எவ்வளவு வெளிப்படை, எவ்வளவு ஜனநாயகம் என்று மேடைக்கு மேடை பெருமை. ஆனால் அது ஒரு பிரமதேயத்தின் சபை. ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அந்த நிலத்தில் உழுது நட்டவரின் பெயர் ஏறிய ஓலை அந்தக் குடத்துக்குள் விழ வழியே இல்லை. எடுத்த சிறுவனின் கை சுத்தமாகத்தான் இருந்திருக்கும். குடத்துக்குள் யார், குடத்துக்கு வெளியே யார் என்பது சிறுவன் கை விடுவதற்கு முன்பே முடிந்துபோன காரியம். 1985-இன் கண்ணாடி உருளையும் அப்படித்தான். உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரிகிறது; உள்ளே இல்லாதவரைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

முதலாளி ஊர் மாறலாம், தொழிலாளி மாறக் கூடாது

அந்த ஏழு உறைகளுக்குச் சொந்தக்காரர்கள் யார் என்றும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

அன்று லீகில் 23 அணிகள். வீரர்களில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். 23 அணிகளில் ஒன்றின் பெரும்பான்மை உரிமைகூட ஒரு கறுப்பினத்தவரிடம் இல்லை. அது நடக்க, ராபர்ட் ஜான்சனுக்கு 2002-இல் சார்லட் நகரின் புதிய அணி ஒதுக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உழைப்பு ஒரு நிறம், உடைமை ஒரு நிறம். இந்த அடுக்கை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏழில் ஓர் உறை கிங்ஸ் அணியுடையது. அதே 1985-இல் அதன் உரிமையாளர்கள் அணியை கான்சாஸ் சிட்டியிலிருந்து சாக்ரமென்டோவுக்குக் கொண்டுபோனார்கள். இன்னோர் உறை சியாட்டில் அணியுடையது. அது 2008-இல் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனது. மூன்றாவது, டொனால்ட் ஸ்டெர்லிங்கின் கிளிப்பர்ஸ். 1984-இல் லீகின் அனுமதிகூட வாங்காமல் சான் டியாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அணியைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். லீக் நீதிமன்றம் போனது, கடைசியில் சமாதானமாகிவிட்டது. ஒரு முழு அணியை, ஒரு நகரத்தின் ரசிகர்களை விட்டுவிட்டு இன்னொரு நகரத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போக முதலாளிக்கு முடியும். அப்படிப்பட்ட முதலாளிகளின் உறைகளைக் குலுக்கித்தான், நீ இந்த ஊரில்தான் வேலை செய்ய வேண்டும் என்று 22 வயது இளைஞருக்குத் தீர்ப்பு எழுதினார்கள்.

ஸ்டெர்லிங்கை அவ்வளவு எளிதில் விட முடியாது. அவர் குடியிருப்புகளை வாடகைக்கு விடும் பெரும் தொழிலதிபர். கறுப்பினத்தவர்க்கும் லத்தீன் இனத்தவர்க்கும் வீடு தராமல் பாகுபாடு காட்டியதாக அமெரிக்க அரசே தொடுத்த வழக்கை, 2009-இல் 27 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து முடித்துக்கொண்டார். சாதி கேட்டு வீடு தரும் ஊர்களில் வளர்ந்த நமக்கு இந்த ஆள் யார் என்று தெரியும். 2014-இல் அவருடைய இனவெறிப் பேச்சின் ஒலிப்பதிவு வெளியானது. கறுப்பினத்தவரைத் தன் ஆட்டத்துக்கு அழைத்து வராதே என்று தோழியிடம் சொல்கிறார். அவருடைய அணியோ கறுப்பின வீரர்களின் உழைப்பில் ஓடுகிறது. வாழ்நாள் தடை, 25 லட்சம் டாலர் அபராதம். பிறகு என்ன ஆனது? 1981-இல் 1.25 கோடி டாலருக்கு வாங்கிய அந்த அணி 200 கோடி டாலருக்கு விற்கப்பட்டது.

இப்போது 1985-இன் மேடைக்கு வாருங்கள். ஸ்டெர்லிங்கின் உறை மூன்றாவதாக வந்தது. முதலாவதாக வந்திருந்தால் யூயிங் அவரிடம்தான் போயிருக்க வேண்டும். நேர்மையான குலுக்கல், யாரும் குறை சொல்ல முடியாது. என் மக்களுக்கு வீடு தர மறுக்கும் முதலாளியிடம் நான் உழைக்க மாட்டேன் என்று சொல்லி, அடுத்த அணியின் கதவைத் தட்டும் உரிமை அவருக்கு இருந்திருக்காது. தொழிலாளியிடம் இருக்கும் கடைசி ஆயுதம், நல்ல முதலாளியைப் பார்த்து நகர்வது. டிராஃப்ட் அதைத்தான் முதல் நாளே பிடுங்கிக்கொள்கிறது.

எதிர்த்தவர்கள் இருந்தார்கள்

இதையெல்லாம் வீரர்கள் வாய் மூடி ஏற்றுக்கொண்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது போராட்ட வரலாறு உள்ள களம்.

மிசிசிப்பியில் பருத்தி பறித்து வளர்ந்த ஸ்பென்சர் ஹேவுட், பள்ளி முடித்து நான்கு ஆண்டுகள் ஆகாமல் லீகில் ஆடக் கூடாது என்ற விதியை எதிர்த்து வழக்காடினார். 1971-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வீரர்கள் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் 1970-இல் தொடுத்த வழக்கு, ஆறு ஆண்டுகள் கழித்து உடன்பாட்டில் முடிந்தது. ஒரு வீரரைக் காலத்துக்கும் ஒரே அணியோடு கட்டிவைக்கும் விதி அதோடு தளர்ந்தது. இன்றைய நட்சத்திரங்கள் அணி மாறும் ஒவ்வொரு முறையும் ராபர்ட்சனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மூன்றாவது பெயர் அதிகம் பேசப்படாதது: லியான் வுட். 1984 டிராஃப்டில் பிலடெல்பியா அவரைப் பத்தாவதாக எடுத்தது. அந்தப் பருவத்தில்தான் லீகில் 36 லட்சம் டாலர் சம்பள உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. பிலடெல்பியா ஏற்கெனவே அந்த வரம்பைத் தாண்டியிருந்ததால் அவருக்கு நீட்டியது 75,000 டாலர். வேறு அணியோடு பேரம் பேசவும் வழியில்லை. டிராஃப்டும் உச்சவரம்பும் ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்கு எதிரானவை என்று வழக்குப் போட்டார். 1985 மே 12 அன்று இடைவேளையில் உறைகள் குலுக்கப்பட்டபோது ஆடிக்கொண்டிருந்த பிலடெல்பியா அணியின் வீரர்களில் அவரும் ஒருவர் என்பதை நான் படித்து அறிந்த நாளில் தூக்கம் வரவில்லை. டிராஃப்டே செல்லாது என்று நீதிமன்றம் போனவர் அந்த அணியில் இருக்க, தொலைக்காட்சி டிராஃப்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

1987-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சங்கமும் நிர்வாகமும் கூட்டுப் பேரத்தில் போட்ட ஒப்பந்தம், பிறகு வேலைக்கு வருகிறவரையும் கட்டும் என்பது அதன் சாரம். இந்த இடத்தில் நான் தொழிற்சங்கத்தையும் விமர்சித்துத்தான் ஆக வேண்டும். பேரம் பேசும் மேசையில் மூத்த வீரர்கள் இருக்கிறார்கள், முதலாளிகள் இருக்கிறார்கள். நாளை வரப்போகும் இளைஞன் அங்கே இல்லை. எனவே ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் அவனுடையதை விட்டுக்கொடுப்பது சுலபம். 1994-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட கிளென் ராபின்சன் 10 ஆண்டுகளுக்கு 6.8 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். உடனே 1995-இல் புதியவர்களுக்குச் சம்பள அட்டவணை வந்துவிட்டது. எத்தனையாவதாக எடுக்கப்பட்டாயோ அதற்கேற்ற சம்பளம், பேச்சுக்கு இடமில்லை. இன்று முதல் சுற்றில் எடுக்கப்படுபவரை மூன்றாவது, நான்காவது ஆண்டுகளில் வைத்திருப்பதா விடுவதா என்பது அணியின் விருப்பம். நான்கு ஆண்டுகள் முடிந்தாலும், வேறு அணி தரும் சம்பளத்தைத் தானும் கொடுத்து அவரைப் பிடித்து வைக்கும் உரிமை பழைய அணிக்கு உண்டு. பள்ளி முடித்து ஓராண்டாவது ஆக வேண்டும் என்ற வயது விதியும் 2005-இல் திரும்பி வந்தது. பேஸ்பாலிலும் ஹாக்கியிலும் இந்தப் பேச்சு எழுவதில்லையே, இங்கே மட்டும் ஏன், எங்கள் நிறமா காரணம் என்று ஜெர்மெய்ன் ஓ'நீல் வெளிப்படையாகக் கேட்டார். ஹேவுட் உடைத்த சுவரில் பாதியைச் சங்கத்தின் கையெழுத்தோடு மறுபடி கட்டிவிட்டார்கள்.

இல்லாதவர் சார்பில் கையெழுத்துப் போடும் வழக்கத்தை நாம் பூனா ஒப்பந்தக் காலத்திலிருந்து பேசிவருகிறோம். மேசையில் யார் இல்லை என்று கேட்பதுதான் நம் அரசியலின் முதல் பாடம்.

"கோடிகளில் சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன அடிமைத்தனம்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நேராகவே பதில் சொல்கிறேன்.

டிராஃப்ட் அடிமை ஏலம் என்று நான் சொல்லவில்லை. சாதியும் இதுவும் ஒன்று என்றும் சொல்லவில்லை. விற்கப்பட்ட அந்த 272 பேருக்குக் கூலியும் இல்லை, வெளியேறும் வாசலும் இல்லை. சேரியில் பிறந்தவருக்கு எந்த ஆணையரும் தொப்பி மாட்டிக் கைகுலுக்குவதில்லை. மேலவளவிலும் கீழ்வெண்மணியிலும் நடந்ததை வைத்துக்கொண்டு, ஒரு கோடீஸ்வர விளையாட்டு வீரருக்காகக் கண்ணீர் விடச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒரு கொள்கையைப் பற்றி. சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினைதானே, எல்லாச் சமூகத்திலும் இருப்பதுதானே என்று வாதாடியவர்களுக்கு 1936-இல் அம்பேத்கர் பதில் எழுதினார். அவருடைய வாதங்களில் முக்கியமான ஒன்று, மனிதர் தன் வேலையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை பற்றியது. திறமையையும் விருப்பத்தையும் பார்க்காமல் முன்கூட்டியே இடம் குறித்துவைக்கும் எந்த ஏற்பாடும் மனிதரைக் குறுக்குகிறது என்பது அதன் பொருள். அந்த அளவுகோலைக் கூலி குறைந்த இடத்தில் மட்டும் வைப்போம், கூலி அதிகமான இடத்தில் வைக்க மாட்டோம் என்றால் அது அளவுகோலே அல்ல. சம்பளம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. யாருக்கு உழைப்பது என்று முடிவுசெய்வது யார் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கொழுத்த விடை கொடுத்து இரண்டாவதை மறக்கடிப்பது முதலாளித்துவத்தின் பழைய வித்தை.

இன்னொரு வாதம்: டிராஃப்ட் இல்லையென்றால் நல்ல வீரர்கள் எல்லாம் நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் போய்விடுவார்கள், சிறிய ஊர்கள் செத்துவிடும். சிறிய ஊர்கள் மேல் எனக்கும் அன்பு உண்டு. ஆனால் எல்லா அணிக்கும் பொதுவான சம்பள உச்சவரம்பு ஏற்கெனவே இருக்கிறதே? ஓர் அணி எல்லோரையும் வாங்கிக் குவிக்க அதுவே தடை. அதற்குமேலும் சமநிலை வேண்டுமென்றால் பெரிய ஊர் முதலாளி தன் லாபத்தைச் சிறிய ஊர் முதலாளியோடு பகிர்ந்துகொள்ளட்டும். நல்ல பயிற்சியாளர், ஒழுங்கான நிர்வாகம், மரியாதை ஆகியவற்றைக் காட்டி இளைஞரை அழைக்கட்டும். உலகில் மற்ற தொழிலாளர்களை அப்படித்தானே அழைக்கிறார்கள்? முதலாளிகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய முதலாளிகளின் பணத்தைப் பகிருங்கள். தொழிலாளியின் உரிமையை எடுத்துப் பகிராதீர்கள்.

இது கனவு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் தேசியப் பெண்கள் கால்பந்து லீகின் வீராங்கனைகள் 2024 ஆகஸ்டில் தங்கள் சங்கத்தின் வழியாகப் போட்ட ஒப்பந்தத்தில் டிராஃப்டையே ஒழித்துவிட்டார்கள். கல்லூரியிலிருந்து வரும் பெண் தான் விரும்பும் அணியோடு தானே பேசுகிறார். வீராங்கனையின் சம்மதம் இல்லாமல் அவரை வேறு அணிக்கு மாற்றவும் முடியாது. என்.பி.ஏ. வீரர்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் பெண்கள், 1985-இன் உருளையைத் தங்கள் லீகிலிருந்து தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். இடைவேளையில் ஒளிபரப்ப ஒரு காட்சி குறைந்தது. வேறொன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

யூயிங்கும் உறைக்குள் முடங்கிப்போனவர் அல்ல. 1997-இல் வீரர்கள் சங்கத்தின் தலைவரானார். 1998-இல் முதலாளிகள் கதவடைப்புச் செய்து பாதிப் பருவத்தையே முடக்கியபோது, மேசையின் எதிர்ப்பக்கம் ஸ்டெர்ன் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் உட்கார்ந்தவர் அவர்தான். 13 ஆண்டுகளுக்கு முன் தன்னைக் குலுக்கி எடுத்த அதே கைக்கு எதிரே. அந்தப் பேரத்தில் சங்கம் நிறையவே இழந்தது, டிராஃப்டும் அப்படியே இருந்தது. ஆனால் உறையில் பெயர் இல்லாத மனிதர் மேசைக்கு வந்து உட்கார்ந்த வரலாறு அது.

எனவே தோழர்களே, அடுத்த மே மாதம் லாட்டரி வரும்போது பாருங்கள், நானும் பார்ப்பேன். எந்த அணிக்கு எத்தனை விழுக்காடு, பந்தில் சூழ்ச்சி உண்டா என்று பேசுங்கள், தடையில்லை. ஆனால் இது இடஒதுக்கீடு, சமூகநீதி என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொற்களுக்காக நம் முன்னோர்கள் தெருவில் அடிபட்டிருக்கிறார்கள். கோடீஸ்வரர்கள் தங்களுக்குள் ஆள் பிரித்துக்கொள்ளும் நிகழ்ச்சிக்கு அவற்றை இரவல் கொடுக்க நமக்கு உரிமையில்லை. முடிந்தால் அன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எழுதுங்கள்: அந்தப் பையனிடம் யாராவது கேட்டார்களா?